பான்கேக் வாரத்தில் வந்து சேர்ந்த தபால்

விமான டிக்கெட் கைக்கு வந்த மறுநாள் என் கணவருக்கு மூட்டு வலி வந்தது. முந்தின நாள் வரை பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து இரண்டு பை காய்கறியோடு நடந்தே வந்தவர் அவர். "நீ போயிட்டு வா. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் பனியில என்ன செய்யப் போறேன்?" என்றார். முகத்தில் வலி எதையும் காணோம். என்னைத் தனியாக அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறார் என்பது புரிந்தது. முப்பத்திரண்டு வருடம் தபால் இலாகாவில் இருந்தவள் நான். உறையைப் பார்த்தாலே உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

2018 பிப்ரவரி. எங்கள் ஒரே மகள் கயல்விழி சுவிட்சர்லாந்தில் சூக் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். டேனியல் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு என் கணவர் மட்டும் போய்வந்தார். நான் போகவில்லை.

ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேனியல் விஷயத்தைக் கயல் போனில் சொன்னபோது பெரிய சண்டை. மூன்று மாதம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு ஒரு நாள் என் பெயருக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. ஆக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாள் குறித்து, பத்திரிகையும் அடித்து, ஊர்க்காரர்களுக்கு அனுப்புவதுபோல எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறாள். அப்போது நான் போஸ்ட் மாஸ்டர். தபால்காரர் தயங்கி நின்றார். நானே பேனாவை எடுத்து, 'வாங்க மறுப்பு, அனுப்பியவருக்கே திருப்பவும்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி முத்திரையும் குத்தி அனுப்பினேன். உறையைப் பிரிக்கவே இல்லை.

அதைப் பற்றி அவளும் அதன்பின் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போனில் மழை பெய்ததா, மாத்திரை போட்டாயா என்பதோடு சரி. இந்தப் பயணத்திலாவது அவள் வாய் திறப்பாளா என்று பார்க்க வேண்டும், நானாகத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் விமானம் ஏறினேன்.

டேனியலின் அப்பா பீட்டர் இங்கிலாந்துக்காரர். அம்மா கலீனா ரஷ்யாக்காரர். இருவரும் டாவோஸ் பக்கத்தில் ஒரு மரவீட்டில் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தின அந்த வாரத்தை அவர்கள் வீட்டில் பான்கேக் வாரமாகக் கொண்டாடுவார்களாம். என்னை அழைத்தது அதற்குத்தான்.

திங்கட்கிழமை கயலுக்கு அலுவலகத்தில் விட முடியாத வேலை. டேனியல் முன்னதாகவே போய்விட்டார். "நாளைக்குச் சேர்ந்து போவோம்மா" என்றாள். லட்சக்கணக்கான தபாலைப் பிரித்து ஊர் ஊராக அனுப்பியவளுக்கு ஒரு ஊருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொள்ளத் தெரியாதா? எந்த நிலையத்தில் இறங்கி எந்த நடைமேடையில் ஏற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

சூக் நிலையத்தில் ஒரு கூட்டம் கரடித் தோலும் மர முகமூடியும் போட்டுக்கொண்டு பித்தளை வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தது. தவக்காலத்துக்கு முன்னால் இங்கே போடும் ஆட்டம் இது. எங்கள் ஊர் கொடை விழாவில் நையாண்டி மேளக்காரர்கள் ஊதுவதைவிடச் சத்தம் அதிகம், சுருதி குறைவு. ஒரு முகமூடி என் தலையில் கை நிறைய வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொட்டிவிட்டுப் போனது. அவற்றை எடுத்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

மூன்று ரயில் மாறி நான்காவதில் ஏறினேன். எல்லாம் நொடி பிசகாமல் நடந்தது. நான் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர்ப் பலகையும் வந்தது. எழுந்து நின்றேன். ரயில் நிற்காமல் போய்விட்டது. கயலின் தாளைக் கண்ணாடி போட்டு மறுபடி பார்த்தபோதுதான் அடியில் பொடி எழுத்தில் இருந்தது தெரிந்தது: 'பட்டனை அமுக்கினால்தான் நிற்கும்.' பஸ்ஸில் விசில் அடிப்பது தெரியும். ரயிலையுமா நாம் நிறுத்த வேண்டும்?

அடுத்த நிலையத்தில் யாரோ பட்டனை அமுக்கியிருந்ததால் நின்றது. இறங்கினேன். ஒரு கொட்டகை, ஒரு கடிகாரம், சுற்றிலும் முழங்கால் அளவு பனி. நிலைய அதிகாரி இல்லை, டீக்கடை இல்லை. என்னோடு இறங்கிய ஒருவர் மட்டும் என் சேலையையும் அதற்குமேல் போட்டிருந்த மகளின் கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் யோகன். மேலே இருக்கும் விடுதியில் சமையல்காரர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இந்த றெயின் தானா நிக்காது அக்கா. வந்த புதுசிலை நானும் இப்பிடி ரெண்டு தரம் விட்டனான். திரும்பிப் போறதுக்கு ஒரு மணித்தியாலம் கிடக்கு. இதிலை நிண்டால் விறைச்சுப் போவியள். வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்கலாம். மகளின்ரை நம்பரைத் தாங்கோ, எடுத்துச் சொல்லுறன்."

விடுதிச் சமையலறையில் உட்காரவைத்து இஞ்சி போட்ட டீ கொடுத்தார். தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராம். கோப்பை கழுவத் தொடங்கி, பத்து வருடம் கழித்துத்தான் அடுப்புக்குப் பக்கத்தில் விட்டார்களாம். அவருக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே துணி துவைக்கும் இயந்திரங்கள், அவற்றின் நடுவே மூடிவைத்த ஒரு பெரிய வாளி.

"அது தோசை மா அக்கா. இந்தக் குளிருக்கு வேறை எங்கை வைச்சாலும் புளிக்காது. உடுப்புத் தோய்க்கிற அறையிலை மெசின் சூட்டுக்குத்தான் பொங்கும். முதலாளிக்கும் தெரியும், ஒண்டும் சொல்லமாட்டார்."

அரைமணி நேரத்தில் டேனியல் தன் அப்பாவின் காரில் வந்துவிட்டார். ஆறடிக்கு மேல் உயரம், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். கை கூப்பி, "வணக்கம் அத்தை. சாப்பிட்டீங்களா?" என்றார். கயல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அத்தை என்று என்னை யாரும் அதற்குமுன் கூப்பிட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரில் ஏறினேன். ஐந்து நிமிடப் பயணத்தில் இரண்டு பேரும் பனியைப் பற்றிப் பேசினோம்.

கலீனா வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பியானோ சொல்லிக்கொடுப்பவர், என் வயதுதான். அவருடையதும் என்னுடையதும் நொண்டி ஆங்கிலம். அதனால் நன்றாகப் புரிந்துகொண்டோம். அவர் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

"இது வெண்ணெய் வாரம். இறைச்சி கிடையாது. பால், வெண்ணெய், முட்டை எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் ஈஸ்டர் வரை ஏழு வாரம் எதுவும் இல்லை. ஆகவே சாப்பிடுங்கள்."

அவர்களுடைய பான்கேக்குக்கு ப்ளினி என்று பெயர். பக்வீட் என்ற மரக்கோதுமை மாவில் ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்துச் சுடுகிறார்கள். மெல்லியதாக, ஓட்டை ஓட்டையாக, லேசான புளிப்போடு இருந்தது. மேலே உருக்கிய வெண்ணெய், அதற்குமேல் புளித்த பாலேடு. மேலே வைக்கத் தந்த மீனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜாம் வைத்து நான்கு சாப்பிட்டேன். வட்டமாக, சூடாக, பொன்னிறமாக இருப்பதால் அது சூரியனாம். குளிர்காலம் முடிந்து சூரியன் வருவதற்குச் செய்வதாம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வந்த அறிகுறி ஒன்றும் இல்லை.

செவ்வாய் பீட்டரின் நாள். இங்கிலாந்தில் தவக்காலம் புதன்கிழமையே தொடங்கிவிடும். வீட்டில் இருக்கும் முட்டையையும் பாலையும் வெண்ணெயையும் அதற்கு முந்தின நாள் தீர்த்துவிட வேண்டும் என்று வந்த வழக்கம். அவர் பான்கேக்கில் ஈஸ்ட் கிடையாது. மைதா, முட்டை, பால், அவ்வளவுதான். சுட்டதும் சர்க்கரையைத் தூவி எலுமிச்சை பிழிந்து சுருட்டித் தருகிறார். எனக்கு அது பிடித்திருந்தது. கலீனா என் காதருகே, "இது பான்கேக் இல்லை, மேசைத் துணி" என்றார். பீட்டருக்கும் கேட்டது. முப்பது வருடமாகக் கேட்கிறார் போலிருக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பகலில் ஓட்டப்பந்தயம். சட்டியில் பான்கேக்கை வைத்துக்கொண்டு, அதைத் தூக்கிப்போட்டுப் பிடித்தபடி ஓட வேண்டும். இங்கிலாந்துக் கிராமங்களில் பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு தெருவில் ஓடுவார்களாம். இங்கே வீட்டு முன்னால் பனி வழித்த பாதையில் பீட்டரும் டேனியலும், காலையில் வந்து சேர்ந்த கயலும் ஓடினார்கள். கயல் முன்னால் வந்தாள். கடைசித் திருப்பத்தில் அவள் வீசிய பான்கேக் பனியில் விழுந்தது. எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். உடனே இரண்டு பேரும் நாயைப் பார்த்துக்கொண்டோம்.

புதன்கிழமை காலை பீட்டருக்கு நோன்பு தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை பீர் குடிப்பதில்லை. கலீனாவுக்கோ இன்னும் விருந்து. ஒரே மேசையில் ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு விழா. நான் காபிக்காகச் சமையலறைக்குள் போனதும் கலீனா தன் ஏப்ரனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இந்த வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு. புதன்கிழமை மருமகனுக்கு. மாமியார்தான் தன் கையால் சுட்டுப் போட வேண்டும். இரண்டு வருடமாக என் மகனுக்கு இந்த நாளில் சுட்டுப் போட ஆள் இல்லை. அடுப்பு இன்றைக்கு உங்களுடையது."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. தலை தீபாவளிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்து, எண்ணெய் தேய்க்கவைத்து, புதுத்துணி கொடுத்து, விருந்து வைப்பது எங்கள் வழக்கம். இவர்களுக்கு நான் அதைச் செய்யவில்லை. கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லையாம் என்று கதை விட்டேன்.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். நாற்பது வருடம் தோசை சுட்ட கைக்கு இது என்ன பிரமாதம் என்று ஒரு கரண்டி மாவைச் சட்டி நடுவில் ஊற்றி, கரண்டி அடியால் வட்டமாக இழுத்தேன். ஈஸ்ட் மாவு இழுபடவில்லை. சவ்வுபோலக் கரண்டியோடு எழுந்து வந்துவிட்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது கருகியது. "மாவைத் தொடாதீர்கள், சட்டியை ஆட்டுங்கள்" என்றார் கலீனா. அந்த இரும்புச் சட்டியை ஒரு கையால் தூக்கவே என்னால் முடியவில்லை. மேசையில் டேனியல் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். கிழிந்ததைத் தின்றுவிட்டு, "நல்லா இருக்கு அத்தை" என்றார். எனக்கு மானம் போயிற்று.

"யோகன் அண்ணாவைக் கூப்பிடட்டுமாம்மா?" என்றாள் கயல். திங்கட்கிழமை போனில் பேசிய பழக்கம்தான், அதற்குள் அண்ணா ஆகிவிட்டார்.

அடுத்த ரயிலில் வாளியும் தோசைக்கல்லுமாக வந்து இறங்கினார். ஒரு டப்பாவில் சம்பலும் இருந்தது.

"மருமகனுக்கெண்டு கேட்டாப் பிறகு வராமல் இருக்கேலுமோ அக்கா? மா இண்டைக்கு நல்லாப் பொங்கியிருக்கு. பத்து மெசின் துவாய் ஓடினது."

கல் காய்ந்தது. ஊற்றி இழுத்தேன். மாவு நான் சொன்ன இடத்துக்கு வந்தது. நல்லெண்ணெய் விட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பொடி தூவி, முறுகலாக எடுத்து டேனியல் தட்டில் போட்டேன். கலீனா கிட்டே வந்து ஓட்டைகளைப் பார்த்து, "இது ப்ளினிதான், வெள்ளைக்காரிபோல வெளுத்துப்போன ப்ளினி" என்றார். டேனியல் காரத்தில் மூக்கு சிவந்து ஏழு தோசை சாப்பிட்டார். எட்டாவதுக்குக் கையால் மறைத்தபோது, "ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ளை" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. கயல் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் இல்லாத எதையோ துடைத்தாள்.

வியாழன் முழுக்கப் பனி கொட்டியது. பாலாடைக்கட்டி வைத்த ப்ளினி, காளான் வைத்த ப்ளினி என்று தின்றுவிட்டுத் தூங்கினோம்.

வெள்ளிக்கிழமை முறை மாறும். மருமகன் மாமியாருக்கு விருந்து வைக்க வேண்டும். ஹோட்டலுக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன். டேனியல் காரை நிறுத்தியது டாவோஸ் தபால் நிலையத்தின் முன்னால். "உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்" என்றார். பிடித்தது. டோக்கன் எடுத்துவிட்டு உட்கார்ந்து கவுன்டரில் நடப்பதை எல்லாம் பார்த்தேன். அவர்களிடமும் கோந்து டப்பா இல்லை, ஸ்டிக்கர்தான். கணவருக்கு ஒரு பட அஞ்சல் வாங்கி, 'மூட்டு வலி எப்படி இருக்கிறது, கேட்டதாகச் சொல்லவும்' என்று எழுதிப் போட்டேன்.

பிறகு காபிக் கடையில் சர்க்கரை தூவிய மெல்லிய பொரித்த அப்பளம்போல ஒன்று வாங்கித் தந்தார். கார்னிவல் பலகாரமாம். அதை நொறுக்கிக்கொண்டே, "அத்தை, ஒன்று சொல்லலாமா?" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"அந்தக் கடிதம் திரும்பி வந்தபிறகு கயல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்றுவரை அதை யாரிடமும் காட்டியதில்லை."

"உள்ளே என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாது. தமிழில் எழுதினாள்."

பத்திரிகைதானே, அதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. காபியை எடுத்துக் குடித்தேன். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை கலீனா வைக்கோலில் ஒரு பெண் பொம்மை கட்டினார். அதுதான் குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொளுத்த வேண்டும். நான் என் பழைய பருத்தித் துண்டைக் கொடுத்து, பொம்மைக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டேன். பழைய கசப்பு எதுவும் இருந்தால் அதையும் தீயில் போட்டுவிடலாம் என்றார் கலீனா. சென்னைப் பக்கம் போகிக்குப் பழைய பாயைக் கொளுத்துவார்கள் என்றேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வீட்டின் பின்னால் பொம்மைக்குத் தீ வைத்தார் பீட்டர். அது மன்னிப்பு ஞாயிறு. நோன்புக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரிடமும் போய்த் தலை குனிந்து, என்னை மன்னித்துவிடு என்று கேட்க வேண்டும். கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன் என்று மற்றவர் சொல்ல வேண்டும்.

கலீனா முதலில் பீட்டரிடம் போனார். "உன் பான்கேக்கைத் துணி என்றதற்கு."

"கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன். ஆனால் அது துணி இல்லை" என்றார் பீட்டர்.

டேனியல் என் முன்னால் வந்து குனிந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கயல் என்னிடம் வரவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்துக்கொண்டு நேராகத் தீயின் பக்கம் போனாள். பத்தடி தூரத்திலிருந்தே அது எனக்குத் தெரிந்தது. மஞ்சள் மூலை, என் கையெழுத்து, எங்கள் அலுவலக முத்திரை.

எங்கள் குடும்பத்தில் பெற்றவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. சண்டை போட்ட மறுநாள் 'சாப்பிட்டியா' என்று கேட்பதோடு சரி. அந்த ஒரு வாரமும் நான் அதைத்தான் வேளைக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, அதைப் போடாத!"

பனியில் மகளின் பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"இதோட முடியட்டும்மா" என்றாள் கயல். "உன்கிட்ட நானும் கேக்கல, நீயும் சொல்ல வேண்டாம்."

"அது என் பேருக்கு வந்த தபால்."

"நீதான் வேண்டாம்னு திருப்பிட்டியே."

"திருப்பினது தப்பு. என்னை மன்னிச்சிரு கயலு."

அவள் அந்த ரஷ்ய வாசகத்தைச் சொல்லவில்லை. "பதிவுத் தபால்லதாம்மா அனுப்பினேன்" என்று சின்னப் பிள்ளையைப்போல அழுதாள். "முக்கியமானது எல்லாம் பதிவுத் தபால்லதான் போகணும்னு நீதானே சொல்லுவ. நல்ல சேதின்னா மஞ்சள் வைக்கணும்னும் நீதானே சொன்ன."

நானும் அழுதேன். ஆனால் கையெழுத்து வாங்காமல் பதிவுத் தபாலைக் கொடுக்கக் கூடாது. கைப்பையில் எப்போதும் பேனா இருக்கும். நான் எழுதிய 'வாங்க மறுப்பு' என்பதை ஒரே கோடாக அடித்து, கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டு உறையைப் பிரித்தேன்.

உள்ளே பத்திரிகை இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் அவள் கையெழுத்து.

'அம்மா, இன்னும் நாள் குறிக்கலை. உனக்கு எப்ப லீவு கிடைக்கும்னு பார்த்து நீயே ஒரு நாள் சொல்லு. நீ வர்ற நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். கீழே எழுதி அனுப்பு.'

அடியில் 'நாள்' என்று எழுதி, ஒரு கோடு போட்டு, இடம் காலியாக விட்டிருந்தாள். கூடவே மடித்த இன்னொரு உறை, நான் பதில் போடுவதற்கு. அவளுடைய சூக் விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டியிருந்தது. சுவிஸ் தபால்தலை. அதை ஒட்டி இந்தியாவிலிருந்து அனுப்பினால் செல்லாது. போஸ்ட் மாஸ்டர் மகளுக்கு இதுகூடத் தெரியவில்லை.

கலீனா அந்த வருடத்தின் கடைசி ப்ளினியை ஐந்தாகப் பிய்த்து ஒரு துண்டை என் வாயில் வைத்தார். தீ அணையும்வரை நின்றுவிட்டு உள்ளே போனோம்.

திங்கட்கிழமை கயலும் டேனியலும் நானும் ஒரே ரயிலில் சூக் திரும்ப வேண்டும். ரயிலுக்கு அரைமணி நேரம் இருந்தது. நிலையத்தில் அவர்களை நிற்கவைத்துவிட்டுத் தபால் பெட்டியைத் தேடிப் போனேன். நாள் என்ற இடத்தில், 'இந்த வருஷம் தீபாவளி. இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வரணும். அம்மா' என்று முந்தின ராத்திரியே எழுதி, அவள் கொடுத்த உறையில் போட்டு ஒட்டியிருந்தேன். பெட்டிக்குள் போடும்முன் ஒரு தரம் திருப்பிப் பார்த்தேன். இங்கிருந்து போட்டால் அந்தத் தபால்தலை செல்லும்.